கொழுந்து மடுவத்துக்கு வராத அறிக்கை

அப்புத்தளைக் கடைத்தெருவில் நின்றால் மலையின் இரண்டு முகமும் தெரியும். ஒரு பக்கம் தியத்தலாவை, பண்டாரவளை. மறுபக்கம் சரேலென்று இறங்கி, கீழே வெயிலில் காய்ந்துகிடக்கும் தெற்குச் சமவெளி. காலையில் பளிச்சென்று இருக்கும் மலை, பத்து மணிக்கெல்லாம் பனிமூட்டத்துக்குள் போய்விடும். அந்த மூட்டத்துக்குள்ளேதான் நான் போன தோட்டமும் இருந்தது. தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். எழுதவில்லை.

பகல் நிறுவை நேரம். மலையிலிருந்து இறங்கிய பெண்கள் கொழுந்து மடுவத்தில் வரிசையாக நிற்கிறார்கள். இடுப்பில் ஈரப் படங்கு, முதுகில் சாக்கு. தராசில் ஒரு மூட்டை தொங்குகிறது. சிவப்பு எழுத்தில் 7.6 என்று காட்டுகிறது. கணக்கப்பிள்ளை புத்தகத்தில் 6 என்று எழுதுகிறார். சாக்குக்குக் கொஞ்சம், ஈரத்துக்குக் கொஞ்சம், முத்தல் இலைக்குக் கொஞ்சம் கழிவு. காலை நிறுவையில் 5.2 வந்தது, எழுதியது 4.

“என்னக்கா, 7.6 காட்டுச்சே?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“அது தராசு சொல்றது தம்பி. பொத்தகம் சொல்றதுதான் சம்பளம்” என்றார் அந்த அக்கா. ஐம்பதை நெருங்கும் வயது. இந்தத் தோட்டத்தில் ஒரு நாளைக்கு 18 கிலோ எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். பேர் என்றால் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் விழும் நாட்கூலி. மலையகத்தில் ஒரு மனுஷிக்குப் பேர் இருக்கிறதா இல்லையா என்பதைத் தராசுதான் சொல்கிறது என்று ஒரு பழைய கிண்டல் உண்டு.

என் கையில் போன் இருந்தது. அதில் முதல் நாள் இரவு நான் இறக்கி வைத்த ஒரு கோப்பும் இருந்தது. பிரித்தானியாவில் தேயிலை விற்கும் ஒரு கம்பனி ஆண்டுதோறும் வெளியிட வேண்டிய ‘நவீன அடிமைத்தன அறிக்கை’. அட்டையில் கூடையோடு சிரிக்கும் ஒரு பெண். உள்ளே கொள்கை, பயிற்சி, இடர் மதிப்பீடு, சகிப்பே இல்லை என்ற உறுதிமொழி, கடைசியில் ஒரு பணிப்பாளரின் கையெழுத்து. எந்த மலையில், எந்தத் தராசில் என்று மட்டும் அதில் எங்கேயும் இல்லை.

இந்த இரண்டு காகிதங்களுக்கும், அதாவது கணக்கப்பிள்ளையின் புத்தகத்துக்கும் லண்டன் அறிக்கைக்கும், இடையே எவ்வளவு தூரம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அறிக்கை எழுதச் சொன்ன சட்டங்கள்

முதலில் வந்தது கலிபோர்னியா. 2010இல் ஆர்னால்ட் ஸ்வாஸ்நெகர் ஆளுநராக இருந்தபோது கையெழுத்தான சட்டம், 2012 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 10 கோடி டொலருக்கு மேல் வருமானம் உள்ள, கலிபோர்னியாவில் வணிகம் செய்யும் உற்பத்தியாளர்களும் சில்லறை வியாபாரிகளும், தங்கள் பொருள் வந்து சேரும் வழியில் அடிமை உழைப்பும் ஆட்கடத்தலும் இல்லாமல் பார்த்துக்கொள்ள என்ன செய்கிறார்கள் என்று இணையத்தளத்தில் சொல்ல வேண்டும். செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னது.

2015 மார்ச்சில் பிரித்தானியாவின் நவீன அடிமைத்தனச் சட்டம் வந்தது. அதன் 54ஆம் பிரிவுதான் நம் கொழுந்துக்கு நேரடியாக வேண்டியது. ஆண்டுக்கு 3 கோடி 60 லட்சம் பவுணுக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பனி ஒவ்வொரு நிதியாண்டும் ஒரு அறிக்கை வெளியிட வேண்டும். பணிப்பாளர் சபை அதை ஏற்க வேண்டும், ஒரு பணிப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும், இணையத்தளத்தின் முகப்பிலேயே இணைப்பு இருக்க வேண்டும். அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும்? இன்னின்னவை ‘இருக்கலாம்’ என்கிறது சட்டம். அதோடு விடவில்லை. ‘நாங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டாலும் சட்டத்துக்குப் போதும். நம் ஊரில் ஒரு கங்காணி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, “இன்னிக்கி ஒரு வேலையும் நடக்கல தொரை” என்று உரக்கச் சொல்லிவிட்டு முழுப் பேர் வாங்கிப் போவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

அந்தச் சுலபமான வேலையைக்கூடப் பலர் செய்யவில்லை. 2019இல் பிராங்க் ஃபீல்ட், மரியா மில்லர், பட்லர்-ஸ்லாஸ் மூவரும் நடத்திய சுயாதீன மீளாய்வு, அறிக்கை வெளியிட வேண்டிய கம்பனிகளில் ஏறத்தாழ 40 சதவீதம் சட்டத்தைப் பின்பற்றவே இல்லை என்று மதிப்பிட்டது.

அவுஸ்திரேலியா 2018இல் சட்டம் இயற்றி, எல்லா அறிக்கைகளையும் அரசே ஒரு பொதுப் பதிவேட்டில் போட்டு வைத்தது. அதுவரை நல்லது, ஆனால் அறிக்கை தராதவருக்கு அபராதம் இல்லை. கனடாவின் சட்டம் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது அபராதத்தையும் சேர்த்துக்கொண்டது. பிரான்ஸும் ஜேர்மனியும் வேறு வழியில் போயின. பிரான்ஸின் 2017ஆம் ஆண்டுச் சட்டமும், 2023இல் நடைமுறைக்கு வந்த ஜேர்மன் சட்டமும், சொன்னால் போதாது, தீங்கைத் தேடிப்பார்த்துத் தடுக்கவும் வேண்டும் என்கின்றன. இதையே ஐரோப்பா முழுவதற்குமாக விரித்து 2024இல் ஒரு பணிப்புரை நிறைவேறியது. மறு ஆண்டே அதை ஓராண்டு தள்ளிப்போட்டார்கள். காரணம், கம்பனிகளுக்குக் காகித வேலை அதிகமாம்.

லிப்டன் காட்டிய வழி

அப்புத்தளைக்கு வரும் எந்தச் சுற்றுலாப் பயணியும் லிப்டன் சீட்டுக்குப் போகாமல் திரும்புவதில்லை. தம்பேதென்னத் தொழிற்சாலையைத் தாண்டி, ஏழு கிலோமீற்றர் தேயிலைக்கு நடுவே ஏறினால் அந்த இடம். கிளாஸ்கோவில் மளிகைக்கடை வைத்திருந்த தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து, இந்தப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகர் வேண்டாம், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு என்பதுதான் அவருடைய விளம்பரத்தின் சாரம். பொருள் எங்கிருந்து வருகிறது என்று சொல்வதையே விற்பனைச் சரக்காக்கிய மனிதர். இன்று கம்பனிகள் சட்டத்துக்குப் பயந்து செய்வதை அவர் 130 வருடத்துக்கு முன்பே லாபத்துக்காகச் செய்தார். தோட்டத்தைக் காட்டினார். அந்தத் தோட்டத்துச் செக்ரோலைக் காட்டவில்லை. அந்தக் காலத்தில் யாரும் கேட்கவும் இல்லை.

தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு வந்தன. லிப்டன் என்ற பெயரும் கைமாறியது. அதை வைத்திருந்த யுனிலீவர் தன் தேயிலை வணிகத்தின் பெரும்பகுதியை 2022இல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. தம்பேதென்னவுக்கும் லிப்டன் பொட்டலத்துக்கும் உரிமைத் தொடர்பு எதுவும் இல்லை. சீட்டில் மட்டும் அவருடைய சிலை உட்கார்ந்திருக்கிறது.

இப்போது கொழுந்து எப்படிப் போகிறது? மடுவத்திலிருந்து லொறி தொழிற்சாலைக்குப் போகும். வாட்டி, அரைத்து, புளிக்கவிட்டு, உலர்த்தி, சலித்து, தரம் பிரித்துச் சாக்கில் கட்டுவார்கள். ஒவ்வொரு சாக்கிலும் தோட்டத்தின் விற்பனைப் பெயர், தரம், இன்வொய்ஸ் இலக்கம். அங்கிருந்து கொழும்பு ஏலத்துக்கு. 1883இல் தொடங்கிய அந்த ஏலம் 2020 முதல் இணையவழியில் நடக்கிறது. தரகர் பட்டியலிலும் தோட்டத்தின் பெயர் இருக்கிறது. ருசி பார்ப்பவருக்கு எந்த மலை, எந்த வாரம் என்றுகூடத் தெரியும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்றில் ஊவாக் கொழுந்து சுருங்கி வாசம் ஏறும் நாட்களில், இந்தப் பெயர்களுக்குத் தனி விலை கிடைக்கும்.

ஏற்றுமதியாளரின் கலவைத் தொட்டி வரை பெயர் உயிரோடு இருக்கிறது. அதற்குள் விழுந்ததும் இருபது தோட்டத்துத் தூள் ஒன்றாகிறது. சில சமயம் வேறு நாட்டுத் தேயிலையும் சேர்கிறது. வெளியே வரும் பெட்டியில் வாங்குபவரின் பெயர்தான் இருக்கும். சிங்க முத்திரை இருந்தால் அது முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்று அர்த்தம். பறித்தவர் பற்றி அந்தச் சிங்கத்துக்கு ஒன்றும் தெரியாது.

ஆகவே ‘இடம் தெரியவில்லை, சங்கிலி நீளம், சிக்கல்’ என்று கம்பனிகள் எழுதும்போது எனக்கு நம்பிக்கை வருவதில்லை. சுவைக்காகவும் விலைக்காகவும் தோட்டத்தின் பெயரைத் தேடிப் பிடிக்கிறவர்களுக்கு, சம்பளம் என்றதும் மட்டும் ஏன் பெயர் மறந்துபோகிறது? 2018இல் பிரித்தானியாவில் ட்ரெய்ட்கிராஃப்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு, என் தேயிலையைப் பறித்தது யார் என்று ஒரு பிரசாரம் நடத்தியது. அசாமில் எந்தத் தோட்டங்களிலிருந்து வாங்குகிறீர்கள் என்ற ஒரே கேள்விதான். வாடிக்கையாளர்கள் ஆயிரக்கணக்கில் எழுதிக் கேட்டார்கள். பெரிய கம்பனிகள் ஒவ்வொன்றாகப் பட்டியலை வெளியிட்டன. 54ஆம் பிரிவு மூன்று வருடத்தில் கறக்காத பெயர்களை, வாங்கிக் குடிப்பவர்கள் சில மாதத்தில் கறந்தார்கள்.

அந்தச் சொல்

மடுவத்தில் நான் ‘அடிமைத்தன அறிக்கை’ என்று சொன்னதும் அக்காவின் முகம் மாறியது. “நாங்க ஒண்ணும் அடிம இல்ல” என்றார். கோபம்தான். நியாயமான கோபம். மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர், சங்கத்துக்குச் சந்தா கட்டுபவர், வாக்குப் போடுபவர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பறிபோன குடியுரிமையை, 2003 வரை பல தவணையாகத் திரும்பப் பெற்ற ஒரு சமூகத்தின் மகள். அவரை லண்டனில் யாரோ தலைப்புப் போட்டு அடிமை என்று அழைத்தால் சுடத்தான் செய்யும்.

ஆனால் இந்தச் சொல்லுக்கும் மலைக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். ஏறக்குறைய அதே காலத்தில்தான் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் கூட்டம் கூட்டமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். கங்காணி கொடுத்த முன்பணம் வழிச்செலவோடு சேர்ந்து, தோட்டத்தில் கால் வைக்கும் முன்பே கடனாக ஏறிவிடும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரையிடம் ‘துண்டு’ வாங்க வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று எழுதிய சீட்டு அது. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் அவர்களோடேயே நடந்து போகும். இந்த முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இன்றும் மலையகத்தில் சம்பளச் சீட்டுக்குச் சம்பளத்துண்டு என்றுதான் பேர். அக்கா தன்னுடையதைக் காட்டினார். சேமலாப நிதி, சங்கச் சந்தா, முற்பணம் என்று கழிவுகள் ஒரு பக்கம் நிறைய. கடைசி வரியில் மிஞ்சியதை விரலால் மறைத்துக்கொண்டார். நானும் எட்டிப் பார்க்கவில்லை.

கட்டாய உழைப்பைக் கண்டுபிடிக்கச் சர்வதேச தொழிலாளர் நிறுவனம் 11 அறிகுறிகளைச் சொல்கிறது. சங்கிலியும் சவுக்கும் அல்ல. பலவீனத்தைப் பயன்படுத்துதல், தனிமைப்படுத்தல், கடன்கட்டு, கூலியை நிறுத்திவைத்தல், மோசமான வாழ்விடம் போன்றவை. இவற்றில் எது இங்கே உண்டு, எது இல்லை என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஒன்று மட்டும் பெரும்பாலும் பொது: வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பரா, அதாவது வரிசை வீட்டு அறை, குடியிருப்பவருடையது அல்ல. தோட்ட வேலைக்குப் போக ஆள் இல்லாவிட்டால் காம்பராவின் கதி என்ன என்ற பயம் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. மகள் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் அம்மாவைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தாலும், அம்மா ஏன் இன்னும் கூடையைத் தூக்குகிறார் என்பதற்குப் பாதிப் பதில் அந்தக் கூரைதான்.

அப்புத்தளையிலிருந்து பெரகலை வழியாக இறங்கினால் கொஸ்லாந்தை. அங்கே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயன்களை மூடியது. அது சரியக்கூடிய இடம் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. போகச் சொன்னார்கள், எங்கே போவது, எந்தக் காணிக்குப் போவது என்று யாரும் சொல்லவில்லை. எந்தக் கம்பனியின் அறிக்கையிலும் ‘வாழ்விடம்’ என்ற சொல்லைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் செம்மண்தான் ஞாபகம் வருகிறது.

2021 இறுதியில் ஐ.நா.வின் சமகால அடிமைத்தன வடிவங்கள் பற்றிய விசேட அறிக்கையாளர் டொமோயா ஒபொக்காட்டா இலங்கைக்கு வந்தார். டயகமவிலிருந்து கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு இறந்து நாடே அதிர்ந்த வருடம் அது. இலங்கையில் இந்தப் பிரச்சினைக்கு ஓர் இன முகம் உண்டு என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். மலையகத் தமிழரின் நிலமின்மையையும் லயன் வாழ்க்கையையும் சுட்டிக்காட்டினார். ‘அடிமை’ என்ற சொல்லை நாங்கள் ஏற்க வேண்டியதில்லை. அது எந்தக் கதவுகளைத் திறக்கிறது என்று பார்த்துக்கொள்வதில் தவறில்லை.

ஓடிட் வரும் நாள்

அறிக்கைகளில் அடிக்கடி வரும் சொல் ‘சான்றிதழ்’. தவளைச் சின்னமோ வேறு சின்னமோ. அதற்கு ஓடிட் நடக்கும். ஓய்வுபெற்ற ஒரு கங்காணி சொன்னதை அப்படியே தருகிறேன்: “ரெண்டு நாள் முந்தியே தெரிஞ்சிரும். கக்கூசுக்குச் சுண்ணாம்பு அடிப்பாங்க. மருந்தடிக்கிற பயலுகளுக்குக் கையொற, முகமூடி எல்லாம் வரும். யாரு பேசணும்னு ஆளும் நியமிச்சிருவாங்க. அவங்க போன பெறகு கையொறையத் திருப்பி வாங்கி ஸ்டோர்ல வச்சிருவாங்க.” எல்லாத் தோட்டமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஒழுங்காக நடத்தும் துரைமாரும் இருக்கிறார்கள். ஆனால் வருடத்தில் ஒரு நாள், மொழி தெரியாமல் வந்து, துரையின் ஜீப்பில் ஏறிப் பார்க்கும் கண்ணுக்கு நிறுவையில் போகும் ஒன்றரைக் கிலோ தெரிய வாய்ப்பில்லை.

கம்பனிகளின் பக்கமும் கேட்க வேண்டும். 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1,350 ரூபாயிலிருந்து 1,550 ஆகிறது என்று அறிவித்தார்கள். அரசு தரும் 200 ரூபா வரவு ஊக்குவிப்போடு 2026 ஜனவரி முதல் 1,750. தொழிலாளரின் உற்பத்தித்திறன் குறைவு, ஏல விலையை நாங்கள் தீர்மானிப்பதில்லை என்கிறார்கள் தோட்ட முகாமைகள். இரண்டாவது உண்மை. ஒரு சின்னக் கணக்கு: 18 கிலோ கொழுந்து காய்ந்தால் நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவான தேயிலை. பைக்கு 2 கிராம் போட்டால் 1,900க்கு மேற்பட்ட தேநீர்ப் பைகள். பறித்தவருக்கு ஒரு பைக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. சந்தையில் அந்தப் பெட்டியின் விலையைத் தீர்மானிக்கும் கம்பனி, தான் என்ன விலைக்கு வாங்கினேன் என்பதை மட்டும் அறிக்கையில் எழுதுவதில்லை. சட்டமும் கேட்பதில்லை. என் கண்ணில் இதுதான் இந்தச் சட்டங்களின் பெரிய ஓட்டை. தோட்டத்தைச் சோதிக்கிறேன் என்று சொல்ல வைக்கிறது. வாங்கும் விலையைச் சோதிக்க விடுவதில்லை.

திண்டுக்கல்லில் வேறு மாதிரி

கடலுக்கு அந்தப் பக்கம் பார்க்கலாம். தமிழ்நாட்டு நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பேரில் இளம்பெண்களை விடுதியில் அடைத்து, கல்யாணத்துக்கு மொத்தமாகத் தருகிறோம் என்று சொல்லிக் கூலியைப் பிடித்துவைத்த கதை, 2011இலும் 2014இலும் நெதர்லாந்து ஆய்வாளர்களின் அறிக்கைகளால் உலகத்துக்குத் தெரிந்தது. தையல் தொழிற்சாலை வரை போன ஓடிட், அதற்கு நூல் கொடுத்த ஆலைக்குள் போகவில்லை. கொழும்பு ஏலத்தோடு நின்றுவிடும் நம் கதைதான்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த ஒரு தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் தொந்தரவு செய்தார் என்று சக தொழிலாளர்கள் சொன்னார்கள். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதை விடவில்லை. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. தொழிற்சாலையின் உரிமையாளர் ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் ஒரு பக்கம்; வாங்கும் கம்பனிகளான எச் அண்ட் எம், பிறகு கேப், பிவிஎச் மறுபக்கம்; நடுவில் சங்கம். தொழிற்சாலை வாக்குத் தவறினால் வாங்கும் கம்பனி வியாபாரத்தில் அதைக் காட்ட வேண்டும் என்பது சட்டப்படி கட்டுப்படுத்தும் நிபந்தனை. கண்காணிப்பவர்கள் வெளியிலிருந்து ஒரு நாள் வந்து போகிறவர்கள் அல்ல. தையல் வரிசையில் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்களே.

மலையகத்தில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. எண்ணிக்கையில் திண்டுக்கல் சங்கத்தைத் தூக்கிச் சாப்பிடக்கூடியவை. ஆனால் தோட்டக் கம்பனிகளோடு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை போட்ட கூட்டு ஒப்பந்தம் 2021க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை. லண்டனில், பெர்லினில் வாங்குகிறவனோடு நேரே ஒரு மேசையில் உட்கார எந்தச் சங்கமும் முயன்றதாக நான் அறியவில்லை. ஜேர்மன் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் முறைப்பாடு செய்ய வழி இருக்கிறது என்று ஒரு சங்கப் பிரதிநிதியிடம் சொன்னேன். “அதெல்லாம் இங்கிலீசுல இருக்கும் தம்பி” என்றார். ஜேர்மன் மொழியில் என்று நான் திருத்தவில்லை.

நான்கு மணி நிறுவைக்கு அக்கா திரும்ப வந்தார். மூட்டம் இன்னும் இறங்கியிருந்தது. மடுவத்தில் ஆள் முகம் தெரியாமல் சாக்கும் தலைத்துணியும்தான் தெரிந்தன. பகலில் பாதியில் விட்ட பேச்சை அவர் மறக்கவில்லை.

“போன்ல வச்சிருந்தீங்களே, அதுல எங்க தோட்டத்துப் பேரு இருக்கா?”

இல்லை என்றேன்.

“பெறகு எதுக்கு எங்க படத்தப் போட்டிருக்காங்க?”

வரிசை நகர்ந்தது. அவருடைய மூட்டை தராசில் ஏறியது. 8.9 என்று விளக்கு எரிந்தது. கணக்கப்பிள்ளை தலை நிமிராமல் 7 என்று எழுதினார். அக்கா படங்கை அவிழ்த்து உதறிக்கொண்டே, இடது கை விரல்களில் மெதுவாகக் கூட்டிப் பார்த்தார். நாலு, ஆறு, ஏழு.